கரையான்சாவடியின் ஒற்றை மெட்டு

பூந்தமல்லியில் பேருந்தைவிட்டு இறங்குகிறவர்கள் தப்பவே முடியாத ஓர் இனம் உண்டு, வாசகரே: ஒற்றை மெட்டு இசையமைப்பாளர். தேநீர்க் கடைக் கண்ணாடிக் குவளையிலும் பேருந்துக் கம்பியிலும் முன்னால் நிற்பவர் முதுகிலும் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, எவர் பாடினாலும் "கொரல் கீது, உருக்கம் பத்தல" என்று தீர்ப்பு வழங்கி, ஒரே ஓர் ஆர்மோனியத்தின் முன்னால் அமர்ந்தபடி "இங்க அம்பது வயலின் வருது, மனசுல வாங்கிக்க" என்று ஆணையிடுகிறவரைப் பார்த்தால், அவர்தான். ஐம்பது வயலினும் வந்துவிடும். இரண்டாவது மெட்டுதான் வராது.

கரையான்சாவடி உத்தமன் இவ்வினத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. 'திரை, நாட்டியம், நாடகம்' என்று முகவரி அட்டை அச்சிட்டு வைத்திருந்தார். மூன்றுக்கும் மெட்டு ஒன்றே. விரைந்து வாசித்தால் பள்ளி ஆண்டு விழாவின் மயில் நடனம். நிதானமாக வாசித்தால், பூசை போட்டதோடு நின்றுபோன ஒரு படத்தின் காதல் பாட்டு. இழுத்து வாசித்தால், நாடகத்தில் கதாநாயகனின் தந்தை உயிர் விடும் காட்சி. யாரேனும் முகத்தைச் சுளித்தால், "நடைய மாத்திட்டா, பெத்த எனக்கே அடையாளம் தெரியாது மச்சான்" என்பார்.

அந்த நாடகம் 1985இல் ஆவடியில் அரங்கேறியது. தந்தை உயிர் விட்டபோது அரங்கமே அழுதது. அழுதவர்களில் ஒருவர் பேண்டு செட் தஸ்தகீர். மறுவாரமே ஓர் இறுதி ஊர்வலத்தில் அவருடைய கிளாரினெட் அந்த மெட்டை வாசித்தது. அதன்பின் ஏழாண்டுகளாகப் பாரிவாக்கம்வரை எந்தப் பாடையும் அது இல்லாமல் நகரவில்லை. அது காதில் விழுந்தால் கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்குவார்கள். நடந்து போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். உத்தமனுக்கு இதில் வருத்தமா? "மெட்டு ஜனங்களாண்ட போய்ச் சேந்துடுச்சி" என்று பூரித்தார்.

இந்நிலையில்தான் அம்பத்தூரில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை நடத்திய கோதண்டம் படம் எடுக்கப் புறப்பட்டார். ஒரு காதல் பாட்டைக் கேட்டுப் பிடித்துவிட்டால், முழுப் படமும் உத்தமனுக்கே. நாற்பத்தாறு வயதில், இது போனால் அடுத்தது வராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கச்சேரி கம்பீரமாக இருக்கட்டும் என்று தஸ்தகீரையே கிளாரினெட்டுக்கு அழைத்தார்.

"அண்ணாத்தே, அந்த மெட்டு வோணாம். வேற எதுனா போடு."

"நடைய மாத்திட்டேன், நைனா."

ஞாயிறு காலை, உத்தமன் வீடு. அம்பத்தூர்க்காரர் அந்த மெட்டை அறியாதவர். பல்லவி முடிவதற்குள், "இன்னா மெட்டுய்யா! தேனு மாரி கீது" என்று தொடையில் தட்டினார். உத்தமனின் மனைவி வசந்தா காபியோடு வந்தாள். எல்லாம் கூடிவந்தது. ஆனால் தஸ்தகீரின் விரல்களுக்கு ஏழாண்டுப் பழக்கம் அல்லவா? அனுபல்லவியில் சற்றே தளர்ந்தன. சரணத்தில் ஊர்வல நடைக்கே இறங்கிவிட்டன. தெருவில் கதவுகள் பாதி இறங்கும் ஓசை கேட்டது. அடுத்த வீட்டு வேம்புலியம்மாள் தலைவிரி கோலமாக உள்ளே ஓடிவந்து வசந்தாவைக் கட்டிக்கொண்டாள்.

"அடியே வசந்தா! நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு உன் ஊட்டுக்காரரு! எப்போடி போனாரு?"

உத்தமன் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னும் போவலக்கா. சரணம் வாசிச்சிகினு கீறேன்."

பின்னாலேயே வந்த பூக்கடை முனியன், போனவர் யாரென்று புரியாமல் மாலையைக் கோதண்டத்திடம் நீட்டினான். கோதண்டம் எழுந்து சுவரோரம் ஒண்டினார். நடந்ததைத் தஸ்தகீர் சொல்லி முடித்ததும் மீண்டும் வந்து உட்கார்ந்தார்.

"படத்துல அப்பா சாவுற சீன் ஒண்ணு கீது. இத அதுக்கு வெச்சிக்கலாம். ஜோடிப் பாட்டுக்கு வேற போடு. இப்பவே போடு, படமே உன்னுதுதான்."

உத்தமன் கண்களை மூடினார். நெற்றி சுருங்கியது. விரல்கள் மெல்லக் கட்டைகளைத் தேடின, தேடிக் கண்டெடுத்தன. புத்தம் புதிய உற்சாகத்தோடு நான்கு சுரங்கள் எழுந்தன. தஸ்தகீர் கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வேறு சுரங்கள் அல்ல. அவையேதான்.

படத்தின் பெயர்ப் பட்டியலில் 'சோகக் காட்சி இசை: உத்தமன்' என்று வந்தது. இன்றும் அவர் அதைப் பெருமையாகவே காட்டுகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அலுவலகத்தின் பணி நிறைவு விழா, மைத்துனியின் நிச்சயதார்த்தம், பெண்ணின் தோழிகள் வந்த மாலை ஆகிய எல்லா இடங்களிலும், நடையை மட்டும் மாற்றி, நீங்கள் சொல்லிவருகிற அந்த ஒரே கதை இருக்கிறதே? அடுத்த முறை அதைத் தொடங்கும்போது, கேட்கிறவர் முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் மரியாதைக்குச் சிரிக்கும். காலைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.