ஒன்றேகால் மணி நேரத்தில் மெட்ராஸ்

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு: 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. எண்பதுகளின் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது. தூரம், வேகம், நேரம் என்று பிள்ளைகளை வாட்டி எடுத்த நான் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. (அதையும் யாரிடமும் சொல்லவில்லை.)

கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த முத்தையா அங்கிளின் இரண்டாவது மகள் கமலா. அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை, அவளுக்கும் சம்மதம். அங்கிள்தான் பிடிகொடுக்கவில்லை. மூத்தவள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க அவர் மெட்ராஸ் கிளம்பியபோது, பை தூக்குகிறேன் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். எப்படியாவது அவர் மனதில் இடம் பிடித்துவிட வேண்டும்!

பயணம் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்.

"அதுக்குள்ள கால் தரையில படணும் தம்பி. நல்ல காரியத்துக்குப் போறோம்," என்றார் அங்கிள்.

டிக்கெட்டைப் பார்த்தேன். புறப்பாடு ஒன்பது, போய்ச் சேர்வது பத்தேகால்.

"ஒன்னேகால் மணி நேரம்தான் அங்கிள். ஈப்போவுக்கு பஸ்ல போறதவிட பக்கம் லா! பிளேன்ல சாப்பிட வேணாம், இறங்கின உடனே சூடா இட்லி."

"அப்படின்னா பிளேன் என்ன ஸ்பீடுல போவுது?" என்றாள் கமலா.

"ஜெட்டும்மா, ஜெட்டு!" என்றேன். (கேள்வி கேட்டவளுக்குத்தான் கணக்கு தெரிந்திருந்தது.)

சுபாங் விமான நிலையத்தில் அங்கிளும் நானும் ஏறினோம். சாப்பாடு வந்தது, கம்பீரமாக வேண்டாம் என்றோம். பத்தேகால் ஆனதும் அங்கிள் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே ஒரே கடல். ஆனாலும் என் சொல்லை நம்பி, பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடைவழியில் நின்றுவிட்டார்.

தமிழ்ப் பணிப்பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "உட்காருங்க அங்கிள்!"

"எறங்கணும்மா. டைம் ஆச்சு."

"இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு!"

"ஒன்னேகால்னு தம்பி சொன்னாரே. கணக்கு வாத்தியாரு."

விமானமே திரும்பி என்னைப் பார்த்தது.

"டிக்கெட்ல எறங்கற நேரம் மெட்ராஸ் மணி அங்கிள்," என்றாள் பணிப்பெண். "அது நம்ம மணிக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால. மொத்தம் மூணே முக்கால் மணி நேரம்."

அங்கிள் பையோடு உட்கார்ந்தார். அவர் கைக்கடிகாரத்தில் பத்தரை ஆனது. ராகு காலத்தில், நடுக்கடலுக்கு மேலே, வெறும் வயிற்றோடு பெண்ணைப் பெற்றவர். கமலா போயே போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். எதிரே இருந்த வாந்திப் பைக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

மெட்ராஸில் இறங்கினோம். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பத்தரை ஆகவில்லை. அங்கிள் அதைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொந்தி குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மேல இருந்த ராகு காலம் முடிஞ்சிருச்சு. கீழ உள்ளது இன்னும் வரல. சரியா நடுவுல கொண்டாந்து இறக்கிட்டீங்களே! வாங்க மாப்ளே, எங்க அந்த இட்லி?"

மாப்ளே! எனக்குப் பசியே போய்விட்டது.

கமலாவைக் கட்டினேன். ஆனால் இன்றைக்கும் "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று நான் போன் செய்தால், அந்தப் பக்கமிருந்து அவள் ஒன்றுதான் கேட்பாள்:

"நம்ம மணியா, மெட்ராஸ் மணியா?"