நூற்று முப்பது தடவை ஒரே கேசட்

அன்பும் மதிப்பும் உள்ள அத்தானுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நலமில்லாதவன் அப்படி எழுதினால் அதற்கும் ஏதாவது சட்டப்பிரிவு இருக்குமோ என்று பயந்து விட்டுவிட்டேன். முப்பது வருடம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் நீங்கள். எனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எங்கள் குழந்தைகள் சேனலின் பெயரும் அந்த மஞ்சள் கரடியும் எங்களுடையவை அல்ல, வெளியூரிலுள்ள தலைமை நிறுவனம் உரிமத்தின் பேரில் கொடுத்தவை. மாதம் ஒரு மணி நேர ஒளிபரப்பைக் கேசட்டில் பதிந்து அனுப்ப வேண்டும், அவர்கள் பார்த்து ஒப்புதல் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் உரிமம் போச்சு. அனுப்புவது என் வேலை. முதல் மாதம் ஒழுங்காக அனுப்பினேன். இரண்டாம் மாதம் பதிவு இயந்திரம் மக்கர் பண்ணியது, கை கால் ஓடவில்லை, முதல் கேசட்டையே நகல் எடுத்துத் தேதியை மாற்றி அனுப்பிவிட்டேன். "சென்ற மாதத்தைவிட நல்ல முன்னேற்றம்" என்று பதில் வந்தது. மனசு உறுத்தி மூன்றாம் மாதம் உண்மையான கேசட்டை அனுப்பினேன். "தரம் சற்றுக் குறைந்துள்ளது, கவனிக்கவும்" என்று வந்தது. நான் என்ன செய்ய அத்தான்? கவனித்தேன். பதினோரு வருடமாக அந்த முதல் கேசட்தான் போகிறது. அதில் அறிவிப்பாளராக வரும் பெண் வேலையை விட்டே ஒன்பது வருடம் ஆகிறது, அவள் மகன் இப்போது எங்கள் கரடியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறானாம்.

இப்போது சேனலின் ஆண்டு விழா வருகிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் ஆரம்பத்துலேருந்து இருக்கீங்க, சேனலோட வரலாறை பத்து பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றார். ஜம்மென்று இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் மாதாந்திரக் கேசட் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதோடு விட்டாரா மனுஷன்? மாதாமாதம் அந்தக் கடிதங்களை எழுதும் தலைமை நிறுவனத்துப் பரிசோதகர் திங்கட்கிழமை நூற்று முப்பத்திரண்டு கேசட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறாராம், விழா மேடையில் வருடத்துக்கு ஒன்றாகப் போட்டு எங்கள் வளர்ச்சியைக் காட்டப் போகிறாராம். என் வேலை போனால் போகட்டும், உரிமம் போனால் நாற்பது பேர் வேலை போகுமே. உங்கள் தங்கச்சி, என் வீட்டுக்காரி, "உடம்பு சரியில்லன்னு படுத்துடுங்க" என்கிறாள். படுத்துத்தான் இருக்கிறேன், காய்ச்சல்தான் வரமாட்டேன் என்கிறது.

அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், எனக்கு உங்கள் ஆசி அவசரமாகத் தேவை.

இப்படிக்கு,
நடுங்கும் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதியதெல்லாம் மறந்துவிடுங்கள். பரிசோதகர் வந்தார். வந்ததும் என்னைக் கேசட் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பார்த்தால் அவர் வெளியில் யாராவது இருக்கிறார்களா என்று கதவில் காது வைத்துக் கேட்கிறார். "சார், இதுல என்னதான் இருக்கு? நான் ஒண்ணைக்கூடப் பிரிச்சதில்ல. மேடையில உளறிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார். அவர் கொண்டுவந்த மூன்று பெட்டியிலும் கேசட் கவர்கள் நான் ஒட்டிய பசையோடு அப்படியே இருந்தன. நேரமில்லை, ஒன்று போட்டால் போதும் என்று இருவரும் முடிவு செய்தோம். மூன்றாம் பக்கத்தில், "மாதந்தோறும் கேசட்டுகள் கவனமாக அனுப்பப்பட்டு, கவனமாகப் பார்க்கப்பட்டன" என்று எழுதினேன். அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

விழாவில் கேசட் ஓடியபோது வாயைப் பிளந்து பார்த்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவே அருமையா இருக்கு சார். இத்தனை வருஷம் தப்பு பண்ணிட்டேன். இனிமே மாசாமாசம் உக்காந்து முழுசா பார்க்கப் போறேன். அறிவிப்பு பண்ற அந்தப் பொண்ணை மட்டும் மாத்திடாதீங்க" என்றார்.

அத்தான், மறக்கச் சொன்னேனே, அதை மறந்துவிடுங்கள். அந்தச் சட்டப்பிரிவை உடனே பார்த்து எழுதவும்.