ரவுட்டருக்கு வைத்த பொட்டு

எனக்குப் பயம் வந்தால் எதையாவது சுத்தம் செய்யத் தொடங்கிவிடுவேன். பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நான். (வலி வந்ததே அதனால்தான் என்று என் மாமியார் இன்றும் நம்புகிறார்.) அடுப்படி, அலுமாரி, பிள்ளையின் காது என்று இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் போனதுதான் வினையாயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் நாத்தனார் கவிதாவைப் பெண் பார்க்க ராகலையிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கட்டாரில். அவருடைய அம்மாவும் அக்காவும் நேரில் வருவார்கள், மாப்பிள்ளை வீடியோவில் வருவார். நம் நேரப்படி மூன்றரைக்கு அவருக்கு வேலையில் ஒரு மணிநேர இடைவேளை. நாலரைக்கு இங்கே ராகுகாலம். அந்த இடைவெளிக்குள் கவிதாவின் வாழ்க்கை நிச்சயமாக வேண்டும்.

எங்கள் லயத்துக்குள், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது. அதனால் கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் ஆயுதபூசைக்கு வந்தபோது ஒரு ரவுட்டர் வாங்கி வந்து, கூரையில் கம்பு நட்டு அன்டெனாவும் கட்டினார். விண்டோஸின் பாரம் தாங்காமல் சில வருடங்களுக்கு முன்பே லினக்ஸ் போட்ட தன் பழைய லேப்டாப்பில் மட்டும் பாஸ்வேர்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். என் போன் அந்த வாரம்தான் மகளின் குளிக்கும் வாளிக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. கவிதா ஹட்டனில் விடுதியில் தங்கிப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அன்று காலைதான் வந்தாள். ஆக, வீட்டுப் பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஜீவன் அந்த லேப்டாப்.

காலையில் காற்றுக்குக் கரண்ட் போயிருந்தது. லேப்டாப் சரியாக இருக்கிறதா என்று பற்றரியில் திறந்து பார்த்தேன். அங்கே இங்கே தட்டி, எங்கோ உள்ளே போனபோது, அது இதுவரை சேர்ந்த வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று, 'சிவசக்தி இல்லம் பூண்டுலோயா'.

என் கை தானாகத் துடைக்கிற துணியைத் தேடியது.

போன வருடம் கவிதாவுக்குக் கிட்டத்தட்ட முடிவான இடம் அது. பேசிமுடிக்கப் போன அன்று என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலை என்று லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டும் என்றார்கள். முடியாது என்றாள் கவிதா. எல்லோரும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். மனிதர்கள் மறந்துவிட்டார்கள். லேப்டாப் மறக்கவில்லை.

இன்று வரப்போகும் மாப்பிள்ளையின் அக்காவோ நுவரெலியாவில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர். அவர் கண்ணில் இது பட்டால்? (வீடியோ பேச வருகிறவர் அந்த மூலைக்கு ஏன் போகப்போகிறார் என்று கேட்க, என் மண்டைக்குள் அன்று யாரும் வீட்டில் இல்லை.)

அழித்தேன். நிம்மதி ஒரு நிமிடம் இருந்தது. பிறகு, கீழே இருந்த 'பூண்டுலோயா பேக்கரி' அதே பயணத்தைக் காட்டிக்கொடுக்குமே என்று தோன்றியது. அதையும் அழித்தேன். நானுஓயாவில் தங்கிய அறை. 'யாரோடு தங்கினீர்கள்' என்று கேட்டால்? என் புருஷனோடுதான், இருந்தாலும் அழித்தேன். கடைசியில் எழுத்தும் எண்ணுமாக, லொத்தர் சீட்டு இலக்கம் மாதிரி ஒன்று நின்றது. யாரோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்து, அதைக் கொஞ்சம் கோபத்தோடேயே அழித்தேன்.

அதுதான் எங்கள் வீட்டு ரவுட்டர்.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது. லேப்டாப் என்னை முன்பின் பார்த்தேயிராதது போல் பாஸ்வேர்ட் கேட்டது. கவிதா மடுவத்துக்கு ஓடினாள். மடுவம் என்றால் மேட்டில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. போனில் பேச வேண்டுமென்றால் எல்லோரும் ஏறுகிற இடம். மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"அண்ணனுக்கு ஞாபகம் இல்லையாம் அண்ணி. ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கு, பாக்கச் சொல்லுச்சு."

திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்தது. பாஸ்வேர்ட் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றியளவில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகியிருந்தன. ஆயுதபூசையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தையல் மெசின், ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மாமியார், புது ரவுட்டருக்கும் குறைவைக்கவில்லை.

"மேல வச்சிருக்கலாமே அத்த?"

"மேல பச்ச லைட்டு மினுங்குது. சாமி கண்ணு மாதிரி இருந்துச்சு. அத மறைக்கலாமா?"

நகத்தால் சுரண்டினேன்.

"ஏம்மா சுதா, சாமிக்கு வச்ச பொட்ட சுரண்டுறியே, இன்னிக்குப் பாத்து."

சந்தனம் வந்தது. கூடவே எழுத்துகளும் வந்தன. கடைசியில் வெள்ளைத் தாளில் ஒரு '7' மட்டும் மிஞ்சியது. (அது '1' ஆகவும் இருக்கலாம்.)

வாசலில் ஓட்டோ நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா அமைதியானவர். அக்கா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே லேப்டாப்பை மூடினேன். "லைன் போயிருச்சுங்க" என்றேன்.

"அதுக்கென்னங்க, என் போன்ல டேட்டா இருக்கு" என்றார் அக்கா. போனைப் பார்த்தார். "சிக்னல்தான் இல்ல. எங்க கிடைக்கும்?"

இப்படியாகப் பட்டுச்சேலையில் கவிதா, இடுப்பில் பிள்ளையும் கையில் லேப்டாப்புமாக நான், உளுந்துவடைத் தட்டோடு மாமியார், பின்னால் ராகலைக்காரர்கள் என்று பெண் பார்க்கும் படலம் மடுவத்துக்கு ஏறியது. லயத்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

"சாமி கும்பிடப் போறீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி.

"பொண்ணு பாக்கப் போறோம்" என்றார் மாமியார்.

"பொண்ணு உங்க கூடத்தானே நடக்குது?"

மடுவத்தில் தராசுக்குப் பக்கத்திலிருந்த பலகையில் லேப்டாப்பை வைத்தோம். எல்லோரும் பெரிய திரையில் பார்க்கலாமே என்று, தன் போனோடு அதைச் சேர்த்துவிட அக்கா குனிந்தார். என் கண் முன்னாலேயே எங்கெங்கோ தட்டி, சரியாக அந்த மூலைக்கே போனார்.

"என்னங்க இது, சேர்ந்த வைஃபை ஒண்ணுகூட இல்ல. புது மெசினா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானோ மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பூண்டுலோயா, பேக்கரி, நானுஓயா அறை, பொட்டு, கடைசியாக அந்த ஏழு. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் தட்டிலிருந்த வடை இன்னொரு முறை பொரிந்திருக்கும். கவிதா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வடையை எடுத்தார்.

"பூண்டுலோயாக்காரங்க எங்களுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தாம்மா. வேலைய விட மாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்லுச்சாமே, அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிச்சுத்தான் வந்தோம். என் மகளயும் அப்பிடிச் சொன்னதுக்காகத்தான் ஒரு எடத்துல வேணாம்னாங்க."

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. தராசுத் தட்டில்தான் இடம் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வந்தபோது நாலேகால். முதலில் அவர் பார்த்தது திரையை நக்கப்போன என் மகளின் நாக்கை. அவளை இழுத்ததும், பின்னால் தராசில் நான், அதற்குப் பக்கத்தில் கவிதா.

"நிறுத்துப் பாத்துத்தான் குடுப்பீங்களா?" என்றார்.

"மொதல்ல நீங்க ஏறுங்க. தண்ணி கழிச்சுத்தான் போடுவோம்" என்றாள் கவிதா.

கொழுந்தின் ஈரத்துக்கு எடை கழிப்பதை அறிந்த மலைநாட்டு மனிதர் அல்லவா, கட்டாரில் அவர் சிரித்த சிரிப்பு மடுவத்துத் தகரத்தில் எதிரொலித்தது. நாலரைக்குள் பாக்கு வெற்றிலை மாற்றியாயிற்று.

கல்யாணம் முடிந்து அவர் ஊரோடு வந்துவிட்டார். ராகலையில் குடியிருக்கிறார்கள். கவிதா அங்கே ஒரு பாலர் பாடசாலைக்குப் போகிறாள். ஆயுதபூசை வந்தால் என் மாமியார் ரவுட்டருக்கு நேராகச் சுவரில் பொட்டு வைக்கிறார். "எதுல எழுத்திருக்கு, எதுல இல்லன்னு யாரு கண்டா" என்கிறார்.

முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்து வீட்டு வைஃபைகளுக்கெல்லாம் மேலே, நல்ல தமிழில், கவிதா வைத்த பெயர் நின்றது: 'அண்ணி அழிக்காதீங்க'.

வீட்டுக்குள் இருக்கிற கேலிதானே என்று சும்மா இருந்தேன். சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு முன் தெருவில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் போனோடு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, மிகவும் அக்கறையாகக் கேட்டாள்:

"நீங்கதானா அந்த அண்ணி?"