மடிப்பு விழாத பத்து ஷில்லிங்

பணத்தைச் செலவழிக்கிறவர்கள் உண்டு, பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. எந்தக் கடையிலும் செல்லாத பணத்தைத் தேடித் தேடி, செல்லுகிற பணத்தைக் கொடுத்து வாங்குகிற இனம். பழைய நோட்டுச் சேகரிப்பாளர் என்று பெயர். தில்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் உள்ள பகுதிகளில் இது செழித்து வளர்கிறது. முதல் தேதி தவறாமல் சம்பளம், ஆறு மணிக்குமேல் வேலை கிடையாது. வளர்வதற்கு வேறென்ன வேண்டும்?

ராமகிருஷ்ணபுரத்தில் இரண்டாம் மாடியில் இருந்த பரமசிவத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் அம்பாசமுத்திரம், உத்தியோகம் செக்‌ஷன் ஆபீசர், சேகரிப்பு கானா நாட்டு நோட்டுகள் மட்டும். ஏன் கானா? இதைக் கேட்டுவிட்டு அரைமணிக்குள் எழுந்துபோனவர் யாருமில்லை. சுருக்கமாகச் சொன்னால், பிரிட்டிஷ் இந்தியா நோட்டு யானை விலை. கானாவுக்குத் தில்லியில் போட்டியே இல்லை. அந்த நாட்டுக்கு அவர் போனதில்லை, போகிற உத்தேசமும் இல்லை. அங்கே நோட்டுகளைச் சனங்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரே வழி, அதன் வீட்டுக்கு மே மாதத்தில் போவதுதான். நீங்கள் உட்கார்ந்ததும் உங்களைக் கை கழுவச் சொல்லி, கழுவிய கையை நன்றாகத் துடைக்கச் சொல்லி, துடைத்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காப்பித் தம்ளரைச் சமையலறைக்கே திருப்பியனுப்பி, பீரோவைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றிவைத்த ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்து, கடைசியாகக் கூலரையும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லுவார், நோட்டு பறந்துவிடக் கூடாதல்லவா? வெளியே நாற்பத்துநாலு டிகிரி. உங்கள் நெற்றியில் வியர்வை துளிர்த்தால் ஆல்பம் ஓரடி பின்வாங்கும். "ஓரத்த மட்டும் பிடிங்க" என்பார். நீங்கள் பிடிப்பதற்குள் வாங்கிக்கொள்வார். அந்த வீட்டுக்கு இரண்டாம் தடவை வந்த விருந்தாளிகள் குறைவு.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஓர் உறை மட்டும் காலி. சுதந்திரம் கிடைத்த மறுவருடம், 1958-இல், கானா வெளியிட்ட பத்து ஷில்லிங் நோட்டுக்கான இடம் அது. தரியாகஞ்ச் நடைபாதைச் சந்தையில் ஞாயிறுதோறும் தேடினார். கிடைத்ததெல்லாம் கசங்கல். அந்தக் காலி உறையைப் பார்க்கும்போதெல்லாம் பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல அவர் விரல் அங்கே போகும்.

மற்றபடி பரமசிவம் நியாயஸ்தர். தீபாவளிக்கு யாரோ கொடுத்த முந்திரிப் பெட்டியில் உடைசல் அதிகம் என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்கெல்லாம் புத்தி சொன்னவர் அவர்தான். வீட்டிலும் மாதம் இரண்டுமுறை சொல்லுவார்.

2001-இல் அவர் மகள் மேகலா எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுடைய வகுப்புத் தோழி அபேனா, முனிர்காவில் அறையெடுத்துத் தங்கியிருந்த கானா நாட்டுப் பெண். அப்பாவின் காலி உறையைப் பற்றி மேகலா அவளிடம் சொல்லியிருந்தாள். படிப்பு முடிந்து ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், மே மாத வெயிலில், அபேனா வந்தாள். கை கழுவினாள். மின்விசிறி நின்றது.

"அப்பா, ப்ளீஸ், பங்கா மட்டும் ஓடட்டுமே" என்றாள் மேகலா. நடக்கவில்லை.

அபேனா தன் பைபிளுக்குள்ளிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். 1958, பத்து ஷில்லிங். பரமசிவம் மடியிலிருந்த ஆல்பத்தை ஒதுக்கிவைத்தார். இடுக்கியால் வாங்கி, விளக்கடியில் வைத்து, லென்ஸை எடுத்தார். நாலு மடிப்பு. ஒரு மூலை இல்லை. ஓரத்தில் நீல மையில் ஏதோ எழுத்து.

அது தன் அப்பா எழுதியது என்று அபேனா ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். முதல் சம்பளத்தில் இந்த ஒரு நோட்டை மட்டும் செலவழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொண்டாராம். அவள் தில்லிக்கு விமானம் ஏறும்போது கையில் கொடுத்தாராம்.

பரமசிவம் மிகுந்த அனுதாபத்தோடு தலையசைத்தார். மை பட்டால் மதிப்பு பாதிக்குமேல் போய்விடும் என்று விளக்கினார். பிறகு கானாவின் நோட்டுச் சரித்திரத்தைக் கானாவிலிருந்து வந்தவளுக்கு இருபது நிமிடம் எடுத்துச் சொன்னார். கடைசியாக, வீட்டில் மடிக்காத நோட்டு வேறு ஏதாவது இருக்குமா என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் பணத்தை மடிக்காமல் வைத்துப் பழக்கமில்லை என்றாள் அபேனா. அவர் நீட்டியதை வாங்கி, பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தாள். பரமசிவம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய மேகலா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவ காட்ட வரலப்பா. உங்களுக்குக் குடுக்க வந்தா."

பரமசிவத்தின் கையில் இன்னும் லென்ஸ் இருந்தது. அவர் மனைவி சியாமளா விசிறியைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லுவிய. நீங்க லென்ஸ் வச்சுல்லா பாத்திய."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முனிர்காவில் அந்த அறையைத் தேடிப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். ஆனால் இந்த இனத்தின் குணம் பாருங்கள், சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தது. அபேனா சாமான்களோடு விருந்தினர் விடுதிக்குப் போய்விட்டாள் என்றார் வீட்டுக்காரர். எந்த விடுதி என்று அவருக்குத் தெரியவில்லை. மேகலாவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, தரியாகஞ்சில் வைத்தி என்ற பழைய நோட்டு வியாபாரி கூப்பிட்டனுப்பி, 1958 பத்து ஷில்லிங் ஒன்றைக் கொடுத்தார். நேற்று அச்சடித்ததுபோல மொடமொடவென்று இருந்தது. ஆல்பம் நிறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, குர்கானில் வேலையாயிருந்த மேகலா வீட்டுக்கு வந்தபோது, அவர் கை கழுவிக்கொண்டு ஆல்பத்தைத் திறந்து காட்டினார்.

"அச்சா இருக்குப்பா" என்றாள் அவள். தள்ளி நின்றே சொன்னாள்.

அவள் போனபிறகு, விசிறியை நிறுத்திவிட்டு, லென்ஸை வைத்து அந்த நோட்டை ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. யாரும் ஒருநாளும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாத நோட்டு அது. அதை நான்காக மடித்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கை வரவில்லை. ஓரத்தை மட்டும் பிடித்து உறைக்குள் வைத்தார். பெரிய துக்கம் வந்தது அவருக்கு, கன்னம் நனைந்தது. வியர்வையோ என்று சியாமளா நினைத்துக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கானா நோட்டு ஒன்றுகூட இல்லை, சரிதான். போன தீபாவளிக்குத் தங்கை ஒரு சட்டை கொண்டுவந்தாளே, பிரித்தவுடன் காலரைத் திருப்பி விலைச்சீட்டு பார்த்தீர்களே, அப்போது அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தது எப்போது?