பெயர் வைக்காத பொம்மை

தோட்டத்தில் நடுவதற்கு முன்னால் காவல் பொம்மைக்குப் பெயர் தீர்மானிக்க வேண்டும் என்று மேலே உட்கார்ந்து உத்தரவு போட்டானே ஒரு மகராசன், அவன்தான் உலகம்மாளின் பயறைத் தின்றவன். கிளிகள் வெறும் கூட்டாளிகள்.

கேரளத்து விதுராவில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த நிலத்தில் அவள் பயறு போட்டிருந்தாள். வைக்கோலும் பழைய சட்டையுமாக ஒரு பொம்மை காவல் நின்றது. ‘அங்கீகாரம் பெறாத பொம்மை’ என்று விவசாய ஆபீஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. பதிலுக்குப் பெயர்ப்பலகையுடன் அரசுப் பொம்மை வருமாம்.

உலகம்மாள் ஆபீசுக்கே போய் நின்றாள். அரசுப் பொம்மை பாலிதீன் உறையோடு மின்விசிறிக்கு அடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

“சேச்சி, பேரு இன்னும் தீருமானம் ஆயிட்டில்ல,” என்றார் அதிகாரி ஹரிகுமார். “திருவனந்தபுரத்தில கமிட்டி இருக்கு.”

“நோக்குகுத்தின்னு எழுதுங்க சாரே. மலையாளத்தில ஊருக்கே தெரிஞ்ச பேரு.”

“அய்யோ! சும்மா நிக்கிறவனையும் அப்படித்தானே சொல்லும்? ஸ்டாஃபைக் குத்திக்காட்டுதுன்னு சங்கத்தில எதிர்ப்பு.”

“தமிழ்ல சோளக்கொல்லைப் பொம்மை.”

“இவிடே சோளம் இல்லல்லோ.”

“இங்கிலீஷ்ல?”

“ஸ்கேர்குரோ காக்கைக்கு மட்டும். கிளிக்கு வேற ஸ்கீம்.”

“இந்தி?”

“பிஜூகா. யாருக்கும் புரியல. அதனால கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பரிசீலனையில இருக்கு.”

“சாரே, கிளி எந்த பாஷை வாசிக்கும்?”

“அதுக்குத்தான் சப்கமிட்டி.”

இதற்கு மேல் நின்றால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று உலகம்மாள் திரும்பிவிட்டாள். மறுநாள் அவளே தோட்டத்து நடுவில் கையை விரித்து நின்றாள். கிளிகள் ஓடின. பொம்மையைப் பறிகொடுத்த பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவரவர் நிலத்தில் நின்றார்கள். பொன்முடி மலைக்குச் சுற்றுலா போகிறவர்களெல்லாம் காரை நிறுத்தி, இவர்கள் பக்கத்தில் கையை விரித்துப் படம் எடுப்பது பெரிய ஃபேஷனாகிப் போனது.

ஆய்வுக்கு வந்த ஹரிகுமார் பரவசமானார். “திட்டம் முழு வெற்றி. பொம்மைகள் தாமே நடந்து வருகின்றன. சொந்தச் செலவில் சாப்பிடுகின்றன. பேசுவது ஒன்றே குறை,” என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அரசுப் பொம்மை ஆபீசிலேயே நிரந்தரமானது.

ஊருக்கு விருது அறிவித்தார்கள். விழா உலகம்மாளின் தோட்டத்திலேயே. ஹரிகுமார் கேடயத்தைத் தூக்கிக் காட்ட, அத்தனை பேரும் விரித்திருந்த கையை மடக்கிக் கைதட்டினார்கள். உலகம்மாளும் தட்டினாள். தட்டி முடிப்பதற்குள் கிளிகள் இறங்கிவிட்டன.

கேடயத்தைப் பிடுங்கிக் கிளிகள் மேல் வீசிவிட்டு, அவள் திருவனந்தபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்தினாள்:

“ஏலே, பேரு கேட்டு உத்தரவு போட்டவனே! இன்னும் எந்தப் பேரும் கிடைக்கலன்னா உன் பேரையே பலகையில எழுதிக் கழுத்தில மாட்டிக்கிட்டு, இங்க வந்து நில்லுலே!”