ஒன்பது சிப்பும் இரண்டு திசையும்

லாலாகுடா,
7-3-1989

மெட்ராஸ் மாநகரில் கம்ப்யூட்டர் குலத்தைக் காத்து நிற்கும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி வாசுவுக்கு, ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் அய்யாக்கண்ணு மாமா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படியே இருக்கப் பிரார்த்தனை. இனி நான் சொல்லப்போவதை எவனும் நம்பமாட்டான் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நீ என் மகள் மங்கைக்குக் கொடுத்த பழைய மெஷினுக்கு ஞாபகசக்தி இருநூற்று ஐம்பத்தாறு கிலோபைட்தான், அவள் எழுதிய புரோகிராமோ ஐந்நூற்றுப் பன்னிரண்டு இல்லாமல் அசையமாட்டேன் என்கிறது, வெள்ளிக்கிழமை ஹப்சிகுடா கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார், ஓடினால் மங்கைக்கு வேலை, ஓடாவிட்டால் அடுத்த பெண் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. அதற்காகத்தானே மெட்ராஸ் வண்டியில் கோச் அட்டெண்டராக வரும் வெங்கடராமன் கையில் ஒன்பது சிப்பு கொடுத்தனுப்பினாய். எட்டு ஞாபகம் வைக்குமாம், ஒன்பதாவது அந்த எட்டும் ஒழுங்காகச் சொல்லுதா என்று வேவு பார்க்குமாம். வேகம் நூற்றைம்பது நானோ செகண்டு, அதற்கு மேல் போனால் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் பழைய சிப்பு வரிசையோடு ஒத்துப்போகாது என்றும் எழுதியிருந்தாய். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கி, அதில் நூற்றைம்பது! எங்க ஷாப்புல அதுக்குள்ள ஒருத்தன் டீக்குக்கூட எழுந்திரிக்க முடியாது.

மங்கை வகுப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது மெஷின் தயாராக இருக்கட்டுமே என்று மூடியைக் கழற்றினேன். கூட இருந்தது, சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகம் சுற்றும் என் சகா சிவஞானம். "ஏம்ப்பா, ஒன்பது பேரையும் ஒரே பக்கம் பாக்க வைக்கிறியே, கோயில்ல அப்படியா இருக்கு?" என்றான். "பழைய வரிசை அப்படித்தானேய்யா இருக்கு?" என்றேன். "அதான் பாதி ஞாபகத்தோட கிடக்கு!" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சிப்போ இருபுறமும் கால் வைத்த பூரான், கிழக்கும் மேற்கும்தான் பார்க்கும், வடக்கு தெற்குக்கு வழியில்லை. ஆகவே சூரிய பகவான் முதலாக நாலு பேரைக் கிழக்கே, மிச்சம் ஐந்து பேரை மேற்கே பார்க்க உட்காரவைத்து, கற்பூரம் மட்டும் காட்டாமல் சுவிட்சைப் போட்டேன் பாரு! எழும்பிய புகையில் ஒர்க்‌ஷாப் சங்கு தானாக ஊத, ஷிஃப்ட் முடிந்ததென்று ஆயிரம் பேர் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனார்கள். போவன்பள்ளி மார்க்கெட்டில் காலிஃபிளவர் மூட்டையோடு வெந்து, வியாபாரிகள் உப்புத் தூவி விற்றார்கள். மங்கை ஓடிவந்தாள். "கைக்குப்பா, ஏன்ப்பா இதெல்லாம்? நக்கோ, வேணாம், தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று இந்த ஊர் உருதும் கலந்து அவள் போட்ட கூச்சலில் மெஷினே நடுங்கிப்போய் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணி, நிற்கத் தெரியாமல் அதையும் தாண்டி ஓடியது. புகழ் காதில் விழுந்து மேனேஜர் இன்றைக்கே பறந்து வந்தார். புரோகிராம் ஓடிய வேகத்தில் அவர் மூக்குக்கண்ணாடி கழன்றது. வேலை உத்தரவை என் முதுகில் வைத்தே எழுதினார். ஆகையால் நீ எதற்கும் கவலைப்படவேண்டாம்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். உன் மெஷின்களெல்லாம் மறதியில்லாமல் வாழ்க, நீயும் கூடவே வாழ்க.

இப்படிக்கு,
அய்யாக்கண்ணு மாமா

பி.கு.: புகையும் வரவில்லை, சங்கும் ஊதவில்லை. காலிஃபிளவர் பச்சையாகத்தான் இருக்கிறது. மேனேஜர் வருவது வெள்ளிக்கிழமைதான். மேலே கண்டதில் உண்மை ஒரு சின்னத் துண்டு: நாலு கிழக்கு, ஐந்து மேற்கு, சுவிட்சும் போட்டாயிற்று. திரை கறுப்பாகவே இருந்தது. மங்கை வந்து ஒவ்வொன்றாகக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். திரும்பி உட்கார்ந்த ஐந்தும் போச்சு, மற்ற நாலும் சந்தேகம்தானாம். இந்தக் கடிதம் கொண்டுவரும் வெங்கடராமன் அங்கிருந்து நாளைச் சாயங்கால வண்டியிலேயே திரும்புகிறார். அதே நூற்றைம்பதில் ஒன்பதாகவே அவர் கையில் கொடுத்துவிடப்பா. அவள் கூச்சல் போட்டாள் என்று எழுதினேனே, அதுவும் பொய். வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்துவைத்திருந்த புதுச் சேலையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டாள்.