ஒன்றும் தெரியாத டியூஷன் மாஸ்டர்

உலகில் கல்வியைக் காப்பாற்றிய கூட்டங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள எங்கள் ஊரில், லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காப்பியும் எலுமிச்சைக் கேக்கும் சகிதமாக நடைபெற்றது. மதிப்பெண் முன்னேற்றப் பெற்றோர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானும் அதில் பங்குகொண்டேன். என் பெயர் லேலண்ட் ஆஹோ. பெயர்தான் அப்படி, எதையும் ஆஹோ ஓஹோ என்று புகழ்வது என் வழக்கமில்லை. ஆனால் எங்கள் சங்கத்தைப் புகழாமல் இருக்க முடியாது.

விவகாரம் என் வீட்டில்தான் தொடங்கியது. என் மகள் கிர்ஸ்டி அப்போது பதினோராம் வகுப்பு. பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பர். டிசம்பரில் கணக்கிலும் இயற்பியலிலும் ஒரே மூச்சில் தோற்றாள். தோற்றவர்கள் பனித்தளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. அன்றிலிருந்து அவள் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான் என்றானது.

ஆகவே, சங்கம் நியமித்திருந்த டியூஷன் மாஸ்டர் ஓரின் டிபெட்ஸ் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். முப்பது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி. கையில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. முதல் வகுப்பன்றே நான் ஃபிரிட்ஜைத் திறந்து, கதவுக்குப் பின்னால் நின்று "மேற்பார்வை" செய்தேன்.

"ஐஸ்ல அடிச்சு விட்ட ஹாக்கி வட்டை அப்புறம் யாரும் தள்ளல. ஏன் அது போய்க்கிட்டே இருக்கு?" என்றார் ஓரின்.

"அத நீங்கதானே சொல்லணும்?"

"எனக்குப் புரியலையே. தினமும் அதுக்கு எதிர்ல நிக்கிறவ நீ. நீ சொல்லு."

"அடிச்ச வேகம் அதுகிட்டயே இருக்கும்ல."

"சிமெண்டுத் தரையில மட்டும் ஏன் சட்டுனு நின்னுடுது? வேகத்த யார் பிடுங்கிக்கிட்டாங்க?"

கிர்ஸ்டி யோசித்தாள். என் மூக்கு விறைக்கும்வரை யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தரைதான் பிடிச்சு இழுக்குது. ஐஸும் இழுக்குது, ஆனா கொஞ்சம்தான். எதுவுமே இழுக்கலன்னா... அது நிக்கவே நிக்காது."

"நெஜமாவா?" என்று வாயைப் பிளந்தார் ஓரின்.

அரிச்சுவடி தெரியாத மனிதரிடமல்லவா பெண்ணை ஒப்படைத்திருக்கிறேன்.

வர வர நிலைமை மோசமானது. அவளுக்குப் பின்னம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்கே திரும்பிப் போனார்கள். பதினோராம் வகுப்புக்கு அமர்த்திய ஆள் ஐந்தாம் வகுப்பில் உலாத்திக்கொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"விடையச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுல்ல?"

"என் வேலை முடிஞ்சிடும் லேலண்ட். அவ வேலை ஆரம்பிக்காது."

மழுப்பல் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் கிர்ஸ்டி இரண்டு பாடத்திலும் தேறினாள். கணக்கில் வகுப்பிலேயே இரண்டாமிடம். சந்தேகம் வலுத்தது. சங்கம் கூடியது.

தலைவி மார்லிஸ் எங்கெப்ரெட்சன் வங்கி மேலாளர். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். "மிஸ்டர் டிபெட்ஸ், உங்க அணுகுமுறை என்ன?" என்றார்.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. பக்கத்துல உட்காருவேன். எங்க வழுக்குறாங்கன்னு பாப்பேன். அவங்களா எழுந்திரிக்கிற வரைக்கும் அங்கேயே இருப்பேன்."

"விடை?"

"அது அவங்களே கண்டுபிடிக்கிறது."

உறுப்பினர் ராய்ஸ், பல் டாக்டர், குறுக்கிட்டார். "என்கிட்ட வர்றவங்களையே பல்லப் பிடுங்கிக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"பல்லு போனா போனதுதான் டாக்டர். கணக்கு அப்படி இல்ல. மைனஸ மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருது? நீங்க யாராவது சொல்லுங்களேன்."

"அது விதி," என்றார் தலைவி.

"ரொம்ப நாளா அப்படித்தான்," என்றார் டாக்டர்.

நான் கூட்டக் குறிப்பு எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

சாட்சியாக வந்திருந்த கிர்ஸ்டி கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒரு பெனால்டி வாங்கினா ஆட்டத்துல நமக்கு ஒரு ஆள் குறையும். அது மைனஸ். அந்தப் பெனால்டிய எடுத்துட்டா? எடுக்கறதும் மைனஸ்தான். ஆனா ஆள் உள்ள வந்துடுறா. ரெண்ட எடுத்தா ரெண்டு பேர் கூடுறாங்க."

எனக்கு நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அது புரிந்தது. செயலாளர் என்பதால் அதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

"இத உனக்கு மிஸ்டர் டிபெட்ஸ் சொல்லிக்கொடுத்தாரா?" என்றார் தலைவி.

"இல்ல. நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

"இனியும் உனக்கு அவர் வேணுமா?"

கிர்ஸ்டி ஓரினைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "வேணாம். இனிமே நானே பாத்துக்குவேன்," என்றாள் பெருமையாக.

இதைவிட வேறென்ன சாட்சியம் வேண்டும்? கற்பித்ததற்கு ஆதாரம் இல்லை. தேவையில்லை என்று மாணவியே வாக்குமூலம். சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வாக்கெடுத்தோம்; ஓரினை நீக்க எல்லாக் கைகளும் உயர்ந்தன. கணக்கு வாத்தியாரின் கணக்கு அத்துடன் தீர்க்கப்பட்டது. அவர் எல்லாரிடமும் கைகுலுக்கி, கேக் செய்தது யாரென்று விசாரித்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

காரில் கிர்ஸ்டி கேட்டாள். "அப்பா, நீங்களும் கையத் தூக்கினீங்களா?"

"செயலாளர் என்ற முறையில்."

"அப்பா என்ற முறையில?"

"அப்பாக்களுக்கு அங்க ஓட்டு கிடையாதும்மா."

அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களில் அவள் அற்புதமாகக் கோல் காத்தாள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

ஓரினுக்குப் பதிலாகச் சங்கம் "சிகரம் கற்றல் மைய"த்தை அமர்த்தியது. கேள்வியைக் காட்டினால் கண் இமைப்பதற்குள் திரையில் விடை. டாக்டர் ராய்ஸின் பையன் மூன்று வருடமாகப் போகிறான். அந்தத் திரை இல்லாமல் அவனால் ஒரு கூட்டல்கூடப் போட முடியாது. பிணைப்பு அவ்வளவு ஆழம். சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர்கூட இன்றுவரை விலகவில்லை என்பதற்காக, சென்ற மாதம் சங்கத்தின் கேடயத்தை அந்த மையத்துக்கு வழங்கினோம்.

ஓரின் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறார். அங்கேயும் பிழைக்கத் தெரியவில்லையாம். எந்தப் பிள்ளையும் அவரிடம் நிலைப்பதில்லை. கணக்குத் தெரிந்துகொண்டு போய்விடுகிறார்கள்.